உக்ரைனியரா, தாய்லாந்துக்காரரா: போன இடத்தில் யார் நன்றாக இருக்கிறார்கள்?

வடகடல்:

ஹாம்பர்க்கில் ஜெர்மன் வகுப்புக்குப் போகிறேன். புதிதாக வந்தவர்களுக்காக அரசாங்கம் நடத்துவது. மொழிக்கு 600 மணி நேரம், அப்புறம் சட்டம், வரலாறு, ஊர் நடப்பு என்று 100 மணி நேரம். வகுப்பில் பாதிக்கு மேல் உக்ரைன் பெண்கள். ஜெர்மானியரைக் கல்யாணம் செய்துகொண்டு வந்த தாய்லாந்துப் பெண்களும் சிலர் இருக்கிறார்கள்.

எங்கள் கட்டடத்தில் இருக்கும் ஒரு பெரியவர், "உக்ரைன்காரர்கள் அரசுப் பணத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். தாய்லாந்துப் பெண்களைப் பார், வந்ததும் வேலைக்குப் போய்விடுகிறார்கள்" என்று அடிக்கடி சொல்வார். வகுப்பில் எனக்குத் தெரிவது கொஞ்சம் வேறு. உக்ரைன் பெண்களில் பல் மருத்துவர், கணக்காளர், பள்ளி ஆசிரியை என்று படித்தவர்கள் அதிகம், ஆனால் யாருக்கும் அந்த வேலை இங்கே இல்லை. தாய்லாந்துப் பெண்கள் ஹோட்டல் அறை துப்புரவு, சமையலறை, மசாஜ் கடை என்று எங்காவது சம்பாதிக்கிறார்கள். கையில் காசு புழங்குவதும், இடைவேளையில் சிரிப்புச் சத்தம் கேட்பதும் அவர்கள் பக்கம்தான்.

இந்த இரண்டு சமூகங்களையும் ஒப்பிட்டு யாராவது பார்த்திருக்கிறீர்களா? ஜெர்மனி மட்டும் இல்லை, மற்ற நாடுகளிலும் எப்படி?

---

கணக்கன்:

ஜெர்மனியில் மட்டும் பார்த்தாலே இது யானையையும் ஆட்டையும் ஒரே தராசில் வைக்கிற வேலை. தாய்லாந்துக் குடியுரிமை உள்ளவர்கள் இங்கே சுமார் 60,000 பேர். அதில் பத்துக்கு எட்டுப் பேருக்கும் மேல் பெண்கள், 1980களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கல்யாணம் வழியாக வந்தவர்கள். உக்ரைனியர் 10 லட்சத்துக்கும் மேல். பெரும்பாலோர் 2022 பிப்ரவரிக்குப் பிறகு சில மாதங்களுக்குள் வந்து இறங்கியவர்கள். முதல் கூட்டத்துக்கு முப்பது, நாற்பது வருஷ அவகாசம் கிடைத்திருக்கிறது. இரண்டாவது கூட்டம் பெட்டியைப் பிரித்தே கொஞ்ச காலம்தான் ஆகிறது.

பெரியவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. 2022 இலையுதிர் காலத்தில் அரசு ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து எடுத்த பெரிய கணக்கெடுப்பில், வேலை வயதில் இருந்த உக்ரைனியரில் 17 சதவீதம் பேருக்குத்தான் வேலை இருந்தது. அதே கணக்கெடுப்பில் 72 சதவீதம் பேர் கல்லூரியோ அதற்கு இணையான படிப்போ முடித்தவர்கள். வந்த பெரியவர்களில் 80 சதவீதம் பேர் பெண்கள், அவர்களில் பெரும்பாலோர் கணவர் கூட இல்லாமல் வந்தவர்கள். 18 முதல் 60 வயது வரை ஆண்கள் நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்பது போர்க்காலச் சட்டம் (2025 ஆகஸ்டில் 22 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும் தளர்த்தினார்கள்). தனியாகக் குழந்தையோடு வந்த ஒரு பெண், பாலர் பள்ளியில் இடம் கிடைக்காத நாட்டில், பாதி நாள் மொழி வகுப்பு, மீதி நாள் குழந்தை என்று இருந்தால் வேலைக் கணக்கு எப்படி ஏறும்? பிறகு ஏறத்தான் செய்தது, மூன்றில் ஒருவரைத் தாண்டி.

அடுத்தது உதவிப்பணம். 2022 ஜூன் 1 முதல் உக்ரைனியருக்குச் சாதாரண அகதிகளுக்கான குறைந்த தொகை இல்லை, உள்ளூர்க்காரருக்கு உள்ள அதே அடிப்படை உதவி. 2024இல் தனி ஆளுக்கு மாதம் 563 யூரோ, வாடகையும் சூடேற்றும் செலவும் தனி, மருத்துவக் காப்பீடும் உண்டு. கணவருக்குப் போதிய வருமானம் இருந்தால் தாய்லாந்து மனைவிக்கு அது கிடையாது, கணவர்தான் காப்பு. அவள் சீக்கிரம் வேலைக்குப் போகிறாள் என்றால் சுறுசுறுப்பு மட்டும் காரணம் இல்லை. ஊரில் அம்மாவுக்கும் முதல் கல்யாணத்துப் பிள்ளைக்கும் மாதாமாதம் பணம் போயாக வேண்டும். அந்தப் பணத்தை எல்லாக் கணவர்களும் தர மாட்டார்கள்.

---

யாழ்த்தேவி:

வடகடல் தம்பி, நான் நோர்த்ரைன் வெஸ்ட்பாலியாவில முப்பது வருஷத்துக்கு மேல இருக்கிறன். எங்கட ஆட்கள் எண்பதுகளில் கிழக்கு பெர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலில் மேற்குப் பக்கம் வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தவை. வேலை செய்யத் தடை, மாவட்ட எல்லை தாண்டத் தடை, கையில் காசுக்குப் பதில் சாப்பாட்டுப் பொதி. நாடுகடத்தலைத் தள்ளிவைத்திருக்கிறோம் என்று ஒரு கடதாசி தருவாங்கள், அதைச் சில மாதத்துக்கு ஒருக்கால் புதுப்பிக்க வேணும். அப்பிடியே பத்து வருஷம் போன குடும்பங்கள் இருக்கு.

உக்ரைன் ஆட்களுக்கு வதிவிடச் சட்டத்தின் 24ஆம் பிரிவு. வந்த உடனே வதிவிட அனுமதி, வேலை அனுமதி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். நல்ல விசயம்தான், பொறாமை இல்லை. ஆனால் அதிலும் ஒரு முடிச்சு இருக்கு: அது தற்காலிகம். ஐரோப்பிய ஒன்றியம் ஒவ்வொரு முறையும் ஒரு வருஷம் நீட்டும், இப்ப 2027 மார்ச் 4 வரைக்கும். ஒரு முதலாளி மூன்று வருஷத் தொழிற்பயிற்சிக்கு ஆள் எடுக்கேக்க அந்தத் திகதியைத்தான் முதலில பார்ப்பான்.

தாய்லாந்துப் பிள்ளைகளுக்கு முடிச்சு வேறை இடத்தில. வர முதலே ஜெர்மன் ஆரம்ப நிலைப் பரீட்சை பாஸ் பண்ண வேணும், 2007இல் வந்த சட்டம். வடகிழக்குத் தாய்லாந்தில உடோன் தானி, கோன் கேன் பக்கத்தில ஆறாம் வகுப்போட நின்ற பெண்கள் பாங்கொக்கில அறை எடுத்துத் தங்கிப் படிச்சு எழுதுறவை. வந்த பிறகு, கல்யாண வாழ்க்கை இங்க மூன்று வருஷம் நிலைச்சால்தான் தனி வதிவிட உரிமை. அதுக்கு முதல் பிரிஞ்சால் திரும்பிப் போக வேண்டியதுதான், விதிவிலக்கு குறைவு. ஊரில விட்ட பிள்ளையைக் கூப்பிடுறதெண்டால் 16 வயசுக்கு முதல் கூப்பிட வேணும். பிந்தினால் அந்தப் பிள்ளைக்கு உயர்நிலை ஜெர்மன் தெரிய வேணும் எண்டு கேட்பாங்கள். உக்ரைன் தாய்க்கு இந்தப் பிரச்சினை ஒன்றுமே இல்லை, பிள்ளை கூடவே வந்திட்டுது.

---

வெட்டொன்று:

எல்லோரும் சுற்றி வளைத்துப் பேசுகிறீர்கள். தோல் நிறத்தைப் பற்றி ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை? ஐரோப்பிய ஒன்றியத்தின் தற்காலிகப் பாதுகாப்பு ஆணை 2001இலேயே எழுதப்பட்டது, யூகோஸ்லாவியப் போர்களுக்குப் பிறகு. 2015இல் சிரியாக்காரர்கள் நடந்தே வந்தபோது அதைத் தொடவில்லை. 2022 மார்ச் 4இல் உக்ரைனுக்காக முதல் முறையாக எடுத்தார்கள். உக்ரைனில் படித்துக்கொண்டிருந்த ஆப்பிரிக்க, இந்திய மாணவர்களில் பெரும்பாலோர் அந்த ஆணைக்குள் வரவில்லை. நம் பிள்ளைகளை 'ஆபரேஷன் கங்கா' விமானங்களில் அள்ளிக்கொண்டு வர வேண்டியிருந்தது. இதில் என்ன நல்வாழ்வு ஒப்பீடு? ஒருவருக்குச் சிவப்புக் கம்பளம், இன்னொருவருக்குப் பின்வாசல்.

---

குளிர்க்காடு:

வெட்டொன்று, சிவப்புக் கம்பளம் என்றால் சுவீடனுக்கு வந்து பாருங்கள். நான் வட சுவீடனில் இருக்கிறேன்.

இங்கே உக்ரைனியருக்கு அதே ஐரோப்பிய ஆணைதான், ஆனால் கிடைத்தது புகலிடம் கேட்பவர்களுக்கான தினப்படி. தனி ஆளுக்கு நாளைக்கு 71 குரோனா. அந்தத் தொகை 1994இலிருந்து ஒரு காசுகூட ஏறவில்லை. ஒரு வேளை மதியச் சாப்பாடு வெளியே 120 குரோனா ஆகிற ஊரில் 71 குரோனா. அதைவிடப் பெரிய அடி, மக்கள் பதிவேட்டில் சேர்க்காமல் விட்டது. சுவீடனில் ஆள் எண் இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு, கைப்பேசி அடையாளம், வாடகை ஒப்பந்தம் எதுவும் சுலபத்தில் நடக்காது. 2024 நவம்பர் 1க்குப் பிறகுதான் பதிவு செய்ய விட்டார்கள். ஒரே நாளில் கீவிலிருந்து கிளம்பிய அக்கா பெர்லினிலும் தங்கை ஸ்டாக்ஹோமிலும் இறங்கியிருந்தால், இரண்டு வருஷம் இரண்டு வேறு வாழ்க்கை.

இனி தாய்லாந்துக்காரர்கள். சுவீடனில் தாய்லாந்தில் பிறந்தவர்கள் 40,000 பேருக்கும் மேல், நான்கில் மூன்று பங்கு பெண்கள். ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், சின்னச் சின்ன வடக்கு ஊர்களில்கூட. இளம்பெண்கள் படிக்க, வேலை பார்க்க என்று தெற்கே போய்விட, மரம் வெட்டும் ஆண்கள் தனியாக நின்ற ஊர்கள் இவை. முதியோர் இல்லத்தில் பாட்டியைக் குளிப்பாட்டுவது, பள்ளிச் சமையலறை, சாலையோரச் சாப்பாட்டு வண்டி, இதெல்லாம் அவர்கள் கையில். டென்மார்க்கில் வட ஜட்லாந்தின் தூய் பகுதியிலும் இதே கதை. ஈசான் என்ற வடகிழக்குத் தாய்லாந்துப் பகுதியின் ஒரே கிராமத்திலிருந்து அக்கா வந்து, அவள் சித்தி பெண்ணை வரவழைத்து, அவள் தோழியை வரவழைத்து, கடைசியில் நூற்றுக்கணக்கான பெண்கள். தனித்தனியாகப் பார்த்தால் கணவரை நம்பி வந்தவர்கள், மொத்தமாகப் பார்த்தால் ஒருவரையொருவர் தாங்குகிற ஒரு கிராமம்.

ஆனால் கோடையில் இங்கே இன்னொரு தாய்லாந்துக் கூட்டம் வரும், காட்டுப்பழம் பறிக்க. அவுரிநெல்லி, லிங்கன், ஆரஞ்சு நிற ஹ்யோர்ட்ரான். காட்டில் விளையும் பழத்தை யார் வேண்டுமானாலும் பறிக்கலாம் என்பது இந்த நாடுகளின் பழைய உரிமை. அந்த உரிமை மேல்தான் ஒரு தொழிலே நிற்கிறது. எண்பதுகளில் இங்கே கல்யாணமாகி வந்த பெண்கள் தங்கள் அண்ணன் தம்பிகளைக் கோடையில் கூப்பிட்டதில் தொடங்கியது. பிறகு ஏஜெண்டுகள் புகுந்தார்கள். விமானச் சீட்டு, விசா, காப்பீடு, வண்டி வாடகை, தங்குமிடம் எல்லாவற்றுக்கும் கடன். நெல் அறுவடைக்கு முன்னால் கிடைக்கும் இரண்டரை மாதத்தில் கடனை அடைத்து மேலே ஏதாவது மிச்சம் பார்க்க வேண்டும். 2009இல் பழம் சரியாகக் காய்க்கவில்லை. பலர் கடனோடு திரும்பினார்கள். அதற்குப் பிறகுதான் சுவீடனில் குறைந்தபட்ச ஊதிய உத்தரவாதம் என்று விதி இறுக்கினார்கள்.

பின்லாந்தில் இன்னும் மோசம். அங்கே அவர்களைத் தொழிலாளி என்றே ஒப்புக்கொள்ளவில்லை. சுற்றுலா விசாவில் வந்து, தானே பறித்து, தானே விற்கும் சுயதொழிலர் என்று கணக்கு. சம்பளம் இல்லை, ஓவர்டைம் இல்லை, பழம் இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. 26 பறிப்பாளர்கள் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் மனிதக் கடத்தல் என்றே நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. பெரிய நிறுவனங்கள் மேலும் விசாரணைகள் வந்தன. பிறகுதான் சுற்றுலா விசா வழியை மூடி, முறையான வேலை ஒப்பந்தம் கட்டாயம் என்று மாற்றினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். பின்லாந்தில் தோட்டத்து ஸ்ட்ராபெரி பறித்தவர்கள் யார்? போருக்கு முன்பு ஆண்டுதோறும் வந்த உக்ரைனியர்கள். அவர்கள் பண்ணை முதலாளியின் தொழிலாளிகள், ஒப்பந்தப்படி சம்பளம் உண்டு. வேலிக்கு இந்தப் பக்கம் ஸ்ட்ராபெரி பறித்தால் தொழிலாளி, அந்தப் பக்கம் காட்டில் அவுரிநெல்லி பறித்தால் சுற்றுலாப் பயணி!

---

கணக்கன்:

குளிர்க்காடு சொன்னதைப் பார்த்தால் "தாய்லாந்துச் சமூகம்" என்று ஒன்றே இல்லை. முதியோர் இல்லத்தில் நிரந்தர வேலை பார்க்கும் பெண்ணின் வருமானத்தையும் காட்டில் கடனுக்குப் பழம் பறிக்கும் அவள் தம்பியின் வருமானத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வரும் எண்ணை வைத்து என்ன செய்வது? பறிப்பவர் இரண்டரை மாதத்தில் போய்விடுவதால் புள்ளிவிவரத்தில் ஏறுவதே இல்லை. அதனால் பதிவேட்டில் தாய்லாந்துக்காரர்கள் உண்மையில் இருப்பதைவிட நன்றாகத் தெரிவார்கள்.

---

பாலைநிலம்:

இஸ்ரேலில் ஆய்வுப் பணியில் இருந்தேன், பேர் ஷேவா பக்கம். ஒரே நாடு, ஒரே விமான நிலையம், இரண்டு வரிசை. அங்கே இது இன்னும் பச்சையாகத் தெரியும்.

உக்ரைனிலிருந்து வருபவருக்கு ஒரே ஒரு தாத்தாவோ பாட்டியோ யூதராக இருந்தால் போதும், திரும்பிவருவோர் சட்டப்படி குடியுரிமை. இறங்கியதும் குடியேற்ற உதவித்தொகை, இலவச ஹீப்ரு வகுப்பு, வரிச் சலுகை. 1990களில் சோவியத் நாடுகளிலிருந்து வந்த சுமார் 10 லட்சம் பேரில் உக்ரைன்காரர்கள் பெரும் பங்கு. முதலில் பொறியாளர்கள் தெருக் கூட்டினார்கள், வயலின் வாசிப்பவர்கள் காவலாளி வேலை பார்த்தார்கள். அவர்கள் பிள்ளைகள் இன்று மருத்துவமனையிலும் மென்பொருள் நிறுவனத்திலும் நாடாளுமன்றத்திலும் இருக்கிறார்கள். யூத வேர் இல்லாமல் 2022இல் ஓடிவந்த உக்ரைனியருக்கு இது எதுவும் இல்லை, வெறும் தற்காலிகத் தங்கல்தான். ஆக உக்ரைனியருக்குள்ளேயே இரண்டு கூட்டம்.

தாய்லாந்துக்காரர்கள் பண்ணைத் தொழிலாளிகள். 2023 அக்டோபருக்கு முன்பு சுமார் 30,000 பேர், கிட்டத்தட்ட எல்லாருமே ஆண்கள், ஈசான் பக்கம். ஐந்து வருஷமும் மூன்று மாதமும் இருக்கலாம், அதற்கு மேல் கிடையாது. மனைவி பிள்ளையைக் கூட்டிவர முடியாது. எத்தனை வருஷம் உழைத்தாலும் குடியுரிமைக்கு வழியே இல்லை. ஆனால் சம்பளத்தைப் பாருங்கள்: 2023இல் அங்கே சட்டப்படி குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,571 ஷெக்கல். அது தாய்லாந்தின் குறைந்தபட்சக் கூலியைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் வரும். அந்தச் சட்டச் சம்பளம் முழுதாகக் கையில் வந்ததா என்பது வேறு கதை. மனித உரிமை அமைப்புகள் 2015இலேயே கூலிக் குறைப்பு, பூச்சிமருந்து, தகரக் கொட்டகை எல்லாவற்றையும் எழுதியிருக்கின்றன. ஒரு நல்ல மாற்றமும் நடந்தது: இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டு, ஏஜெண்டைத் தவிர்த்து, சர்வதேசக் குடிபெயர்வு அமைப்பு வழியாக ஆள் எடுக்கத் தொடங்கியபின் ஆள்பிடிக் கட்டணம் பெருமளவு குறைந்தது.

காசா எல்லையோரப் பண்ணைகளில் இருந்தவர்கள் அவர்கள்தான். அக்டோபர் 7 தாக்குதலில் 31 தாய்லாந்துக்காரர்கள் பணயக் கைதிகளாகப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். கிட்டத்தட்ட 40 பேர் கொல்லப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் ஊருக்குப் பறந்தார்கள். அப்புறம்? கடன் அடைபடவில்லை, ஊரில் அந்தக் கூலி இல்லை. அடுத்த வருஷமே பலர் திரும்பி வந்தார்கள். காலி இடத்தை நிரப்ப இலங்கையிலிருந்தும் ஆள் எடுத்தார்கள்.

நல்வாழ்வு என்று எதைச் சொல்வது? மாதக் கணக்கில் பார்த்தால் அந்தத் தொழிலாளி, முதல் வருஷத்தில் மொழி தெரியாமல் திணறும் உக்ரைன் குடியேறியைவிட அதிகம் மிச்சம் பிடிக்கிறார். இருபது வருஷக் கணக்கில் பார்த்தால் ஒருவருக்கு வீடு, ஓய்வூதியம், பிள்ளைக்குப் பல்கலைக்கழகம். இன்னொருவருக்கு ஈசானில் ஒரு மாடி வீடு, ஒரு பிக்கப் வண்டி, அப்பாவை வீடியோவில் பார்த்து வளர்ந்த பிள்ளை.

---

மட்டுறுத்துநர்:

இந்த இடத்தில் இஸ்ரேல், காசா அரசியல் பற்றி வந்த நான்கு பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே குடியேறியவர்கள் பற்றி மட்டும் பேசவும்.

---

சேக்ரமெண்டோ சித்தப்பா:

அமெரிக்காவிலிருந்து என் பங்கு. இங்கே இந்த ஒப்பீடு வேறு விதமாகக் குழம்பும். மக்கள்தொகைக் கணக்கில் "உக்ரைன் வம்சாவளி" என்று எழுதுபவர்கள் சுமார் 10 லட்சம். அதில் 1880களில் பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கத்துக்கு வந்த கலீசியா (இன்றைய மேற்கு உக்ரைன் பக்கம்) விவசாயியின் கொள்ளுப்பேரன் இருப்பான், பெயரைத் தவிர அவனிடம் உக்ரைன் ஒன்றும் மிச்சம் இருக்காது. போன மாதம் இறங்கியவனும் அதே பெட்டியில்தான். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அகதி முகாம்களிலிருந்து வந்தவர்கள் நடுவில் ஓர் அடுக்கு. சிகாகோ உக்ரைன் குடியிருப்பில் 1951இல் அவர்கள் தொடங்கிய கூட்டுறவுச் சேமிப்பு வங்கி இன்றைக்கும் வீட்டுக்கடன் கொடுக்கிறது. இது சாதாரண விஷயம் இல்லை. புதிதாக வந்தவனை எந்த வங்கியும் உள்ளே விடாதபோது அவன் மொழியில் பேசி ஒரு கடன் கொடுப்பது எவ்வளவு பெரிய தூக்குக் கயிறு... மன்னிக்கவும், தூக்கிவிடும் கயிறு.

எங்கள் சேக்ரமெண்டோவில் இருப்பவர்கள் 1990 வாக்கில் வந்த பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே குடும்பங்கள். சோவியத்தில் மதத் துன்புறுத்தல் என்று தனிச் சட்டத் திருத்தம் போட்டு அகதியாக ஏற்றார்கள். லாரி ஓட்டுவது, வீடு கட்டுவது என்று நன்றாகவே ஊன்றிவிட்டார்கள். 2022 ஏப்ரலில் தொடங்கிய 'யுனைட்டிங் ஃபார் உக்ரைன்' திட்டத்தில் வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டதும் இந்தச் சபைகள்தான். அந்தப் புது ஆட்கள் நிலைமைதான் கவலை. இரண்டு வருஷ அனுமதி, நிரந்தர அட்டைக்கு நேர் வழி இல்லை, 2025 ஜனவரியில் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள்.

தாய்லாந்துக்காரர்கள் மூன்று லட்சம் சொச்சம். இங்கேயும் ஒரே கூட்டம் இல்லை. வியட்நாம் போரின்போது உடோன், கோராட், ஊ தபாவ் விமானத் தளங்களில் இருந்த சிப்பாய்களைக் கட்டிக்கொண்டு வந்த பெண்கள் ஒரு பக்கம். 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு வந்த செவிலியர், மருத்துவர், படிக்க வந்து தங்கிவிட்டவர்கள் இன்னொரு பக்கம். 1971இல் லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு தாய்லாந்து மளிகைக் கடை திறந்தபின் அரத்தையும் எலுமிச்சைப் புல்லும் கிடைக்க ஆரம்பித்தன, அதைத் தொடர்ந்து உணவகங்கள். ஹாலிவுட் புல்வாரில் ஆறு தெருவை 1999இல் தாய் டவுன் என்று நகரசபையே அறிவித்தது.

அதே லாஸ் ஏஞ்சலீஸுக்குப் பக்கத்தில் எல் மொண்டே என்ற ஊரில், 1995 ஆகஸ்டு 2 அன்று ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தைச் சோதனை போட்டபோது 72 தாய்லாந்துத் தையல் தொழிலாளிகள் முள்வேலிக்குள் அடைபட்டிருந்தார்கள். சிலர் ஏழு வருஷமாக. பெரிய கடைகளில் விற்ற துணிகளை அவர்கள்தான் தைத்தார்கள். மீட்டவர்கள் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? அவர்களைக் குடியேற்றச் சிறையில் போட்டது. வழக்கறிஞர் ஜூலி சூ போன்றவர்களும் தாய்லாந்துச் சமூக மையமும் சண்டை போட்டுத்தான் வெளியே எடுத்தார்கள். கடத்தப்பட்டவர்களுக்கென்று 2000இல் தனி விசா வந்ததற்கு அந்த வழக்கும் ஒரு காரணம்.

எனவே அமெரிக்காவில் சராசரி வருமானப் பட்டியலைப் பார்த்து இவர்கள் மேல், அவர்கள் கீழ் என்று முடிவு கட்டுபவர்களை நான் நம்புவதில்லை.

---

வெட்டொன்று:

சித்தப்பா, அப்படியென்றால் நான் சொன்னதுதானே வருகிறது? எந்த வாசல் வழியாக விட்டார்கள் என்பதுதான் எல்லாம்.

---

கணக்கன்:

எல்லாம் இல்லை. வாசல் ஒன்றாக இருந்தும் முடிவு வேறாகிறது. டென்மார்க் 2022 மார்ச்சில் தனிச் சட்டம் போட்டு உக்ரைனியரை முதலில் வேலைக்கு அனுப்பியது, மொழி அப்புறம் என்றது, உதவித்தொகையும் குறைவு. அங்கே பாதிக்கும் மேற்பட்டவர்கள் சீக்கிரமே வேலையில் இருந்தார்கள். ஜெர்மனி முதலில் மொழி, பிறகு வேலை என்றது. போலந்தில் 2014 கிரிமியாவுக்குப் பிறகே 10 லட்சம் உக்ரைனியர் வேலையில் இருந்ததால், புதிதாக வந்தவர் தெரிந்தவர் வீட்டில் படுத்து மறுவாரம் வேலைக்குப் போனார். மொழியும் நெருக்கம். ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்காக டெலாய்ட் செய்த ஆய்வு, 2024இல் போலந்தின் மொத்த உற்பத்தியில் 2.7 சதவீதம் உக்ரைன் அகதிகளால் வந்தது என்கிறது. கணக்கிடும் முறை நாட்டுக்கு நாடு மாறும், அதையும் மனதில் வைக்க வேண்டும்.

என் தனிப்பட்ட கருத்து: ஜெர்மனி வழி மெதுவானது, ஆனால் பல் மருத்துவரை மீன் பதப்படுத்தும் ஆலைக்கு அனுப்புவதைவிட அது மேல். டென்மார்க் வேலைக் கணக்கில் துப்புரவும் ஆலையும் நிறைய.

---

குளிர்க்காடு:

அந்தப் பல் மருத்துவருக்கு ஜெர்மன் உரிமம் வர எத்தனை வருஷம் ஆகும் என்றும் சொல்லுங்கள். மருத்துவ மொழித் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, அறிவுத் தேர்வு எல்லாம் முடிவதற்குள் அவர் 2027 மார்ச்சைத் தாண்டிவிடுவார். ஆலை வேலையாவது கையில் சம்பளம்.

---

கணக்கன்:

இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை. :-)

---

நொச்சி:

நான் தென் கொரியாவில் இருக்கிறேன், ஒரு சின்ன இணைப்பு மட்டும். இங்கே தாய்லாந்துக்காரர்கள் விசா இல்லாமல் 90 நாள் இருக்கலாம் என்ற வசதியில் வந்து, தங்கிவிட்டு, ஆலையிலும் மிளகாய்ப் பண்ணையிலும் ஒளிந்து வேலை செய்பவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அனுமதியில்லாமல் தங்கியிருப்பவர்களில் பெரிய நாட்டினர் அவர்கள்தான். கையில் அடிபட்டால்கூட மருத்துவமனைக்குப் போகப் பயம். குவாங்ஜு நகரத்தில் கொரிய வம்சாவளி உக்ரைனியர் இருக்கிறார்கள். ஸ்டாலின் 1937இல் மத்திய ஆசியாவுக்கு விரட்டியவர்களின் பேரப்பிள்ளைகள், அங்கிருந்து சிலர் உக்ரைனுக்குப் போயிருந்தார்கள். 2022இல் குவாங்ஜு கொரியோ கிராமத்து மக்களே நிதி திரட்டி விமானச் சீட்டு வாங்கி அழைத்து வந்தார்கள். மொழி தெரியாது, பாட்டி கொரியர் என்பதால் சட்டப்படி தங்கலாம். ஆலையில் தாய்லாந்துக்காரரும் இவர்களும் ஒரே வேலைதான் செய்கிறார்கள்.

---

வடகடல்:

இவ்வளவு விஷயம் வரும் என்று நினைக்கவில்லை. இன்னொரு கேள்வி: வயதானபின் என்ன ஆகும்? வகுப்பில் ஒரு தாய்லாந்து அம்மா இருக்கிறார். கணவர் அவரைவிட இருபது வயதாவது மூத்தவர். அவர் போய்விட்டால் ஊருக்கே போய்விடுவேன் என்கிறார்.

---

யாழ்த்தேவி:

நல்ல கேள்வி தம்பி. ஒருத்தரும் கதைக்காத விசயம். கல்யாணம் ஒரு வருஷமாவது நிலைச்சிருந்தால் விதவை ஓய்வூதியம் கிடைக்கும், கணவன்ட ஓய்வூதியத்தில அரைப்பங்குக்குக் கொஞ்சம் மேல. அது தாய்லாந்துக்கும் வரும். கணவனுக்கு நல்ல ஓய்வூதியம் எண்டால் ஈசானில அவ ராணி மாதிரி இருக்கலாம். ஆனால் கணவனே சின்ன ஓய்வூதியக்காரன் எண்டால், இங்க முதியோருக்கான அடிப்படை உதவியில்தான் இருக்க வேணும். அந்த உதவி வாங்குகிற ஆள் நாலு கிழமைக்கு (வாரத்துக்கு) மேல வெளிநாட்டில நின்றால் காசை நிப்பாட்டிடுவாங்கள். ஊருக்குப் போனால் காசில்லை, காசு வேணுமெண்டால் ஊருக்குப் போகேலாது. பெர்லின் பிராய்சன் பூங்காவில குடைக்குக் கீழ சோம் தாம் (பப்பாளிக்காய்ச் சாலட்) இடிச்சு வித்த ஆரம்பகாலத்துப் பெண்கள் இப்ப இந்த வயசிலதான் நிக்கினம். கையில வேலைப் பதிவு இல்லாமல் உழைச்ச காலத்துக்கு ஓய்வூதியக் கணக்கும் இல்லை.

உக்ரைன் பாட்டிமாருக்கும் இது வேறை விதமா வரும். அறுபத்தைந்தில இறங்கினவை இங்க ஒரு நாளும் உழைக்கேல்லை, உதவிப்பணம்தான் கடைசி வரைக்கும், அதுவும் 24ஆம் பிரிவு இருக்கும் வரைக்கும்.

---

வடகடல்:

அக்கா, அதே வகுப்பில் இன்னொரு தாய்லாந்துப் பெண். வந்து இரண்டு வருஷம் ஆகவில்லை. வீட்டில் அடி விழுகிறது என்று ஜாடையாகச் சொன்னார். பிரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுகிறார். மூன்று வருஷம் கட்டாயம்தானா?

---

யாழ்த்தேவி:

இல்லை. வீட்டு வன்முறைக்கு விதிவிலக்கு இருக்கு, அந்த மூன்று வருஷ விதி இருக்கிற வதிவிடச் சட்டத்தின் 31ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவு, கடுந்துன்பம் எண்டால் மூன்று வருஷம் தேவையில்லை. ஆனால் நிரூபிக்க வேணும். அடுத்த முறை அடி விழுந்தால் மருத்துவரிட்டப் போய்க் காயத்தை எழுத்தில எடுக்கச் சொல்லுங்கோ, படமும் எடுத்து வேறை ஆளின்ட கைப்பேசிக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்கோ. குடியேற்ற அலுவலகத்துக்குத் தனியாப் போய் ஒன்றும் சொல்ல வேண்டாம், முதலில ஆலோசனை எடுக்க வேணும். 116 016 பெண்களுக்கான உதவி இலக்கம், இரவு பகல், காசில்லை. பெர்லினில பான் யிங் எண்டு ஒரு அமைப்பு, எண்பதுகளின்ட கடைசியில தாய்லாந்துப் பெண்களுக்காகவே தொடங்கினது. ஹாம்பர்க்கில ஆரிட்டப் போகலாம் எண்டு அவையளிட்டயே கேட்கலாம். கடவுச்சீட்டும் வதிவிட அட்டையும் ஆரின்ட கையில இருக்கு எண்டு முதலில கேளுங்கோ.